ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்

வேலூரைப் பற்றிய பழைய கிண்டல் எல்லோருக்கும் தெரியும்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. சாமி 1981இலேயே சத்துவாச்சாரியிலிருந்து திரும்பி வந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் உட்கார்ந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடித் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் இங்கே கிடார் வாசிக்கிறவர்கள் அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப். நிஜ ஆம்பின் சத்தத்தைக் கணக்குப் போட்டு நகலெடுக்கும், லேப்டாப்பிலோ காலடியில் கிடக்கும் பெட்டியிலோ இருக்கும் டிஜிட்டல் மாடலரைத்தான் சொல்கிறார்கள். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் அண்ணன்களிடம் கேளுங்கள், காட்பாடிப் பக்கம் காலேஜ் பேண்டில் வாசிக்கும் பையன்களிடம் கேளுங்கள், தீர்ப்பு ஒன்றுதான்: "ட்யூப் ஆம்ப்ல உயிர் இருக்குப்பா. இது செத்த சவுண்டு."

இந்தத் தீர்ப்பு என்னை உறுத்திக்கொண்டே இருப்பதற்குக் காரணம், அது முழுப்பொய் இல்லை என்பதுதான். அவர்கள் காதில் விழுந்தது உண்மை. செத்துப்போன, கொசு ரீங்காரம் போன்ற ஒரு சத்தம் நிஜமாகவே அந்தப் பெட்டியிலிருந்து வந்திருக்கும். ஆனால் பழி வால்வு (ட்யூப் என்பதும் இதுதான், ஆம்புக்குள் சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) இல்லாததன் மேல் போய் விழுகிறது. வயிற்றுவலிக்குத் தலையில் தைலம் தேய்க்கிற கதை. ரெக்கார்டிங் என்று வந்துவிட்டால் வால்வு இருக்கிறதா இல்லையா என்பது சண்டையின் சின்ன பாகம். பெரிய பாகம் வால்வுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. பேசினால் குற்றம் பெட்டியிலிருந்து நம் பக்கம் நகர்ந்துவிடும், அதனால் இருக்கலாம்.

மாடலர் சரித்திரம் சுருக்கமாக இதுதான். 1995இல் ரோலண்ட் விஜி-8, 1998இல் லைன் 6 பாட், 2006இல் ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர். அதற்குப் பிறகு நிஜ ஆம்பைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் வந்து, இன்று நியூரல் ஆம்ப் மாடலர், சுருக்கமாக நாம் (NAM), இலவசமாகவே கிடைக்கிறது. 1998 பெட்டியைக் கேட்டுவிட்டு "டிஜிட்டல் ஆகாது" என்று சொன்னவர் அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னார். அதே வாக்கியத்தை இன்றைக்கும் திருப்பிச் சொன்னால், அவர் எதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சென்டிமீட்டர்

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு ஞாயிறு மதியம் போதும். தேவை: ஒரு ட்யூப் ஆம்ப் (கடன் வாங்கியதானாலும் சரி), எஸ்எம்57 மைக் ஒன்று, ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிடாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு ரீஆம்ப் பாக்ஸ் (பதிவான சத்தத்தை ஆம்புக்கு ஏற்ற அளவில் திருப்பி அனுப்பும் பெட்டி). முதலில் கிடாரை நேராக இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட்டில் செருகி, ஆம்ப் எதுவும் இல்லாமல், இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவுசெய்யுங்கள். மெதுவாக விரலால் மீட்டியது கொஞ்சம், பவர் கார்டு கொஞ்சம், மேல் ஃப்ரெட்டில் ஒரு பெண்ட் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். இதைத்தான் டிஐ டிராக் என்கிறோம். கேட்க ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல இருக்கும், பயப்பட வேண்டாம். இனி யாரும் வாசிக்கப்போவதில்லை. இந்த ஒரே டிராக் ரீஆம்ப் பாக்ஸ் வழியாக ஆம்புக்குப் போகும், வாசித்த கை மாறாது. கை மாறாததுதான் இந்தச் சோதனையின் உயிர். இரண்டு ஆம்பை மாறி மாறி வாசித்துப் பார்த்து ஒப்பிடுவது ஒப்பீடே இல்லை, ஏனென்றால் சத்தம் பிடித்திருந்தால் கை தானாகவே நன்றாக வாசிக்கும்.

அடுத்தது அதே ஆம்பை, அதே நாப் நிலையில், மைக்கையும் அசைக்காமல், நாம் (NAM) மாடலரைக் கொண்டு நகல் எடுப்பது. அதைச் செய்தவர்கள் தரும் மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் சோதனை ஒலியை ஆம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்து, இரண்டு கோப்பையும் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் கூகுள் கோலாப் போதும். முடிவில் ஈஎஸ்ஆர் என்று ஒரு எண் வரும். அசலுக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசத்தின் ஆற்றல், அசலின் ஆற்றலில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். 0.01 வந்தால் மிச்சம் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 20 டெசிபல் கீழே. க்ளீன் ஆம்புக்கு இதைவிட நன்றாகவே வரும், டிஸ்டார்ஷன் ஏற ஏற எண்ணும் ஏறும். 0.1 மாதிரி வந்தால் நகல் எடுத்ததில் எங்கோ பிசகு. மைக் ஸ்டாண்ட் நழுவியிருக்கும், இல்லை பதிவு எங்கோ க்ளிப் ஆகியிருக்கும், இல்லை இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் திறந்திருந்து சோதனை ஒலியே திரும்பக் கலந்திருக்கும்.

இப்போது டிஐ டிராக்கை நிஜ ஆம்ப் வழியாக ஒரு முறை, நகல் வழியாக ஒரு முறை ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சத்த அளவைச் சமன்செய்யாமல் மட்டும் கேட்காதீர்கள். அரை டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது "இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும், அது சத்தம்தான் என்று சொல்லாது. சமன்செய்துவிட்டு, வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை ஊகித்து எழுதுங்கள். நகல் ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால் பத்துக்கு ஐந்தோ ஆறோதான் தேறும். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

கதை இங்கே முடியவில்லை, இனிமேல்தான் விஷயமே. நகலை விட்டுவிடுங்கள். நிஜ ஆம்ப், நிஜ ஸ்பீக்கர், அதே டிஐ. மைக் ஸ்டாண்டை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் நகர்த்துங்கள். ஸ்பீக்கர் நடுவே மூடி போல இருக்கிறதே டஸ்ட் கேப், அதன் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்த எஸ்எம்57ஐ நடு மையத்துக்குக் கொண்டுபோனால் சத்தம் கூர்ந்து பல்லைக் கூசவைக்கும். விளிம்பைத் தாண்டிக் கோன் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் போனால் மேல்சத்தம் அடங்கி, கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கிடார் என்றால் என்னவென்றே தெரியாத பக்கத்து வீட்டு ஆயாகூட இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். வால்வு உள்ள ஆம்புக்கும் வால்வு இல்லாத நகலுக்கும் நடுவே தேடித் தேடிக் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம், ஒரே ட்யூப் ஆம்பின் முன்னால் மைக் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்ததில் காதில் அறைகிறது. வால்வுக்காக இத்தனை வருஷம் சண்டை போட்டவர்கள் மைக் ஸ்டாண்டின் திருகை இறுக்கினோமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இதற்குக் காரணம் ஸ்பீக்கர். கிடார் ஸ்பீக்கர் நம் வீட்டு மியூசிக் சிஸ்டம் ஸ்பீக்கர் மாதிரி நேர்மையானது இல்லை. 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் செங்குத்தாக விழுந்துவிடும், அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு மேடு வைத்திருக்கும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் முள்முள்ளான மேல்சத்தம் முழுவதையும் வடிகட்டுவது அதுதான். அந்த வடிகட்டி இல்லாமல் உலகத்தின் சிறந்த ட்யூப் ஆம்பைக் கேட்டாலும் தகரத்தில் குளவி மாட்டிய சத்தம்தான் வரும். "செத்த சவுண்டு" என்று பெயர் வாங்கிய கச்சேரிகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியின் அவுட்புட் செட்டிங் "காம்போ ஆம்ப்" என்றிருக்கும், அதாவது பின்னால் கிடார் ஸ்பீக்கர் இருக்கிறது என்று நம்பி, ஸ்பீக்கரின் வடிகட்டலை நகலெடுக்கும் கேப் சிமுலேஷனைப் பெட்டி அணைத்து வைத்திருக்கும். ஆனால் வயர் போவதோ சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸருக்கு, அங்கிருந்து ட்வீட்டர் வைத்த பாக்ஸுக்கு. குளவி நேராகச் சபைக்குப் பறந்துவரும். செட்டிங்கை "லைன்" என்று மாற்ற பத்து நொடி. தலைகீழாகவும் நடக்கும்: கேப் சிமுலேஷன் போட்ட சத்தத்தைக் கிடார் ஆம்பின் முன்வாசலில் செருகினால் இரண்டு ஸ்பீக்கர் வழியாக வடிகட்டின மாதிரி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வரும்.

மாடலரில் ஸ்பீக்கர் வேலையைச் செய்வது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கிற ஐஆர் கோப்பு: ஒரு ஸ்பீக்கரும் அதன் முன்னாலுள்ள மைக்கும் சத்தத்தை மாற்றும் விதத்தின் பதிவு. 48 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள் என்றால் 43 மில்லிசெகண்டு நீளம், ஸ்பீக்கரை ஒட்டி வைத்த மைக்குக்கு அது தாராளம். ஐஆர் மாற்றுவதும் மைக்கை நகர்த்துவதும் ஒன்றே என்று புரிந்தால், ஆம்ப் மாடலை மாற்றி மாற்றி ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிற வியாதி குணமாகும். ஒரே மாடலை வைத்துக்கொண்டு ஐஆரைத் தேடுங்கள். இரண்டு ஐஆரைக் கலந்தால் கவனம். நிஜத்தில் இரண்டு மைக் வைத்து ஒன்று 7 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் சத்தம் 0.2 மில்லிசெகண்டு தாமதமாக வந்து 2.4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். கிடாரின் முகமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. நேரம் சமன்செய்யாத ஐஆர்களிலும் அதே பள்ளம் விழும்.

உள்ளூர் விஷயம் ஒன்று. ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் கிழிந்தால், மைக் செட் ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றித் தருகிற கடையில் கொடுத்துவிடுகிறார்கள். காயில் கட்டுவார், கோன் ஒட்டுவார், வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் ஒட்டுவது பாட்டுக் கச்சேரிக்கான கனமான கோன். திரும்பி வருவது அந்த ஆம்ப் இல்லை. ட்யூப் நான்கையும் புதிதாகப் போட்டாலும் பழைய சத்தம் வராது.

வாசலிலேயே தகராறு

வால்வுக்குப் பின்னால் ஸ்பீக்கர் என்றால், முன்னால் இருப்பது இன்புட். இங்கே நடக்கிற தப்பு இன்னும் எளிமையானது, இன்னும் அதிகமானது. கிடார் பிக்கப் என்பது மெல்லிய கம்பியில் சுற்றிய காயில். அதற்கு எதிரே 1 மெகாஓம் போல உயர்ந்த இன்புட் இருந்தால்தான் மேல்சத்தம் தப்பிக்கும். ட்யூப் ஆம்பின் வாசல் அப்படித்தான் இருக்கிறது, இன்டர்ஃபேஸில் "இன்ஸ்ட்" என்று பொத்தான் இருப்பதும் அதற்காகத்தான். அதை அழுத்தாமல் லைன் இன்புட்டில் செருகினால் 10 கிலோஓம் மாதிரி ஒரு சுமை பிக்கப்பின் தலையில் உட்காரும். ட்ரெபிள் அங்கேயே செத்துவிடும். பிறகு மாடலரில் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனால் இரைச்சல்தான் ஏறும், போனது திரும்பாது.

அடுத்தது கெயின் நாப். "பச்சை விளக்கு எரியும் வரை கூட்டு, சிவப்பு வந்தால் குறை" என்று பாடகர் மைக்குக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கிடாருக்கும் செய்கிறோம். ட்யூப் ஆம்புக்கு அப்படி ஒரு நாப் வாசலில் கிடையாது. சிங்கிள் காயில் பிக்கப் கொடுக்கும் சில நூறு மில்லிவோல்ட், இரட்டைக் காயில் உள்ள ஹம்பக்கரைப் பலமாக அடித்தால் 1 வோல்ட்டுக்கு மேல், அவ்வளவுதான் ஆம்பின் முதல் வால்வான 12ஏஎக்ஸ்7க்குத் தெரியும். இன்டர்ஃபேஸில் 12 டெசிபல் கூட்டினீர்கள் என்றால் மாடலரின் கண்ணுக்கு உங்கள் கிடார் நான்கு மடங்கு வோல்ட்டேஜ் தரும் பூதம். க்ளீனாக இருக்க வேண்டிய ஃபெண்டர் மாடல் கரகரக்கும், ஹை கெயின் மாடல் சேறாகும், விரலால் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே கத்தல். "டிஜிட்டல்ல டைனமிக்ஸ் இல்ல" என்ற புகாரில் முக்கால்வாசி இந்த நாப்தான்.

சரியான வழி சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. கெயினை முழுக்கக் குறைத்து வையுங்கள். இன்டர்ஃபேஸ் கையேட்டில் இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட்டின் உச்ச அளவு டெசிபல்-யு கணக்கில் போட்டிருக்கும். உதாரணமாக உங்களுடையது 12, நீங்கள் போடும் நகல் 18 என்ற அளவில் எடுக்கப்பட்டது என்று வையுங்கள். உங்கள் சிக்னல் 6 டெசிபல் கூடுதலாகத் தெரியும், ஆகவே ப்ளக்-இன்னின் இன்புட்டில் 6 டெசிபல் குறைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் கழித்தல். டிராக்கில் அலை சின்னதாகத் தெரிகிறதே என்று கவலை வேண்டாம், 24 பிட்டில் அது ஒரு பொருட்டே இல்லை.

வாசித்ததற்கும் அது லேப்டாப் வழியாகக் காதில் விழுவதற்கும் நடுவே உள்ள தாமதம் பற்றி ஒரு வரி. பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் சத்தத் துண்டு, 128 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 2.7 மில்லிசெகண்டு, போக வர இரண்டு தடவை, கன்வெர்ட்டர் நேரமும் சேர்த்து 7, 8 வரை வரலாம். சத்தம் ஒரு மீட்டர் நடக்க 3 மில்லிசெகண்டு ஆகிறது. மேடையில் ஆம்பிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நின்று யாரும் "லேட்டன்ஸி" என்று புலம்பியதில்லை. 512 வைத்துவிட்டுப் புலம்பினால் அது நியாயம்.

நம்ம ஊர் கரண்ட்

புத்தகத்திலும் வீடியோவிலும் சொல்லித்தராத பாகம் இது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ட்யூப் ஆம்புக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். வோல்ட்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் ஆகாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே கணக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50இல் ஓட்டினால் அதன் இரும்புக்குள் காந்தப்பாய்வு 20 சதவீதம் ஏறி, கொதிக்கும். ஆம்பின் பின்தகட்டில் 50/60 என்று இரண்டும் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மொட்டைமாடி அறையில் 40 டிகிரியைத் தாண்டிய காற்றில் அந்தக் கொதிப்பு தணியவும் வழியில்லை.

கரண்ட் 230இல் நிற்பதும் இல்லை. குடியாத்தம், ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் பம்ப் செட் ஓடும் நேரத்தில் 190க்கு இறங்கினால் 6.3 வோல்ட் இருக்க வேண்டிய வால்வு ஹீட்டருக்கு 5.2தான் கிடைக்கும். சத்தம் சோம்பலாகும், அடி அமுங்கும். ராக் கிடார்காரர் எடி வான் ஹேலன், வேரியாக் என்ற திருகி மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டேஜைக் குறைத்து ஆம்பை ஓட்டியது உலகப் பிரசித்தம். நமக்கு மின்வாரியம் அதை இலவசமாகவே செய்துதருகிறது. வித்தியாசம் என்னவென்றால், அவருக்கு எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது கையில் இருந்தது. காலையில் வாசித்த ரிதமும் சாயங்காலம் வாசித்த ரிதமும் ஒரே பாட்டில் ஒட்டாமல் நிற்கும்போது நாபைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். ஸ்டெபிலைசர் போடலாம், ஆனால் ரிலே வகையானால் அது மாறும்போது "டொக்" என்ற சத்தம் மைக்கில் விழும்.

மாடலர் வைத்திருப்பவர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம், அவருக்கும் பங்கு இருக்கிறது. சிங்கிள் காயில் கிடார் ஒரு ஏரியல். அறையிலுள்ள மின்சாரக் குப்பை முழுவதையும் பிடிக்கும். முதல் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். வழவழவென்று சுற்றும் டிம்மர் வகை, கரண்ட் அலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது, அந்த வெட்டு கிடாரில் "ஜிர்ர்" என்று கேட்கும். ஐந்து படி உள்ள கப்பாசிட்டர் வகை இவ்வளவு தொல்லை தராது. எலெக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார், நாய்ஸ் கேட் ப்ளக்-இன் வாங்குவதைவிட மலிவு. மாற்றியபிறகு ஃபேன் சுற்றட்டும், டிஐ எடுப்பதில் காற்றுச் சத்தம் விழாது. மே மாதத்தில் ட்யூப் ஆம்ப் முன்னால் ஃபேனை அணைத்துவிட்டு க்ளீன் ஆர்பெஜியோ பதிவுசெய்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. வியர்வையில் கம்பி துருப்பிடிப்பது தனிக்கதை.

இரண்டாவது இன்வெர்ட்டர். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ட்யூப் ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அந்த உறுமல் கிடாரிலும் ஏறும். சைன் வேவ் என்றால் பரவாயில்லை. லேப்டாப் வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு ஆதாயம்: கரண்ட் போனாலும் பேட்டரியில் ரெக்கார்டிங் நிற்காது. சொல்லப்போனால் கரண்ட் இருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்கிவிடுவது நல்லது. யுஎஸ்பி வழியே வரும் அந்த மெல்லிய "க்ஈஈ" சத்தம் பெரும்பாலும் சார்ஜரோடு சேர்ந்து போய்விடும். மூன்றாவது, நாற்காலி. உட்கார்ந்தபடியே கிடாரோடு மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் ஹம் சட்டென்று அடங்கும். அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவையுங்கள்.

எர்த் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் அது இயல்பு. கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டுச் சுருக்கென்றால் அது ஆபத்து. நிறுத்திவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியன் வரும்வரை ஆம்ப் ஓய்வெடுக்கட்டும். ஹம் போக வேண்டுமென்று எர்த் பின்னை வெட்டுகிற வேலையைப் பல மேடைகளில் பார்க்கலாம். கிடார் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில், சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது, அதற்காகத்தான் இருக்கிறது.

ஆம்ப் ஜெயிக்கிற இடம்

இவ்வளவும் சொல்லிவிட்டு ட்யூப் ஆம்ப் வேண்டாம் என்று முடித்தால் அது வீம்பு. அறைக்குள் சத்தமாக ஓடும் ஆம்ப், காற்று வழியாகக் கிடார் கம்பியைத் திரும்ப உலுக்குகிறது. நீட்டிப் பிடித்த ஒரு நோட்டு தேயாமல் நின்று, மெல்ல ஒரு ஆக்டேவ் மேலே தாவுகிறதே, அந்த ஃபீட்பேக் ஹெட்ஃபோனில் நடக்காது. நகல் துல்லியமாக இருந்தாலும் நடக்காது, ஏனென்றால் அங்கே கம்பியை உலுக்கக் காற்றே இல்லை. ஸ்டூடியோ மானிட்டரைச் சத்தமாக வைத்து முன்னால் நின்றால் கொஞ்சம் வரும்.

இன்னொன்று, நகல் என்பது ஒரு நாப் நிலையின் புகைப்படம். கெயினை 4இல் வைத்து எடுத்ததை 6க்குத் திருப்ப முடியாது, தனியாக இன்னொன்று எடுக்க வேண்டும். ஆம்புக்குள்ளிருக்கும் ரிவெர்ப், ட்ரெமலோ நகலில் பிடிபடாது. ஏசி கரண்டை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வு மூச்சு வாங்கி, ஓங்கிய அடிக்குப் பிறகு சத்தம் மெல்ல மீள்கிற "சாக்" (sag) என்ற அந்தக் குணம், நேரத்தில் நீளமானது என்பதால் நகலில் அரைகுறையாகவே வரும். 6வி6 வால்வு இரண்டு போட்ட பழைய மாதிரி காம்போவில் ப்ளூஸ் வாசிப்பவருக்கு இது பெரிய இழப்பு. இறுக்கமாக மெட்டல் ரிதம் வாசிப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். மலிவான மாடலர்களில் ஏலியாஸிங் என்ற குறையும் உண்டு. ஹை கெயினில் 20ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தனியாக ஒரு நோட்டை மெதுவாக பெண்ட் செய்யுங்கள். நோட்டு மேலே ஏறும்போது பின்னணியில் ஒரு மெல்லிய விசில் கீழே இறங்கினால் அதுதான் ஏலியாஸிங். ஓவர்சாம்ப்ளிங் கூட்டினால் குறையும், ப்ராசஸருக்கு வேலை கூடும்.

ஆம்ப் ஜெயிக்க, அதைத் திறந்து வைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 100 டெசிபல் தருகிறது. 22 வாட் ஆம்ப் என்றால் 113. "அஞ்சு வாட்தானே" என்று வாங்கினாலும் 107, குறைந்தது வெறும் 6 டெசிபல். கொசப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இது நடக்கிற காரியமா? ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் இரவு பத்து வரை ஓடும்போது வேண்டுமானால் யாரும் கேட்க மாட்டார்கள். கத்தும் ஆம்பின் முகத்தை ஒட்டி வைத்த எஸ்எம்57க்கு அந்தப் பாட்டு பெரிதாக விழாது என்பது உண்மைதான், ஆனால் நோட்டு தேய்ந்து அடங்கும் இடத்தில் எல்.ஆர். ஈஸ்வரி எட்டிப்பார்ப்பார்.

நடுவழி ஒன்று இருக்கிறது: ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியைத் தாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸ். ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை லோட் பாக்ஸில் செருகி, அங்கிருந்து இன்டர்ஃபேஸுக்கு எடுத்து ஐஆர் போடுவது. வால்வு நிஜம், ஸ்பீக்கர் டிஜிட்டல், வீடு அமைதி. நிஜ ஸ்பீக்கர் போலவே நடந்துகொள்ளும் ரியாக்டிவ் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். நிஜ ஸ்பீக்கரின் இம்பிடென்ஸ் 8 ஓமில் நிற்பதில்லை, கீழே 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குன்று, மேலே போகப்போக ஏற்றம். ட்யூப் ஆம்ப் அந்த மேடுபள்ளத்தைத் தொட்டுத்தான் தன் குரலை எடுக்கிறது. வெறும் ரெசிஸ்டர் வைத்த பெட்டியில் குரல் தட்டையாகும். ஸ்பீக்கரும் இல்லாமல் லோடும் இல்லாமல் ட்யூப் ஆம்பை ஆன் செய்து ஒரு கார்டு அடித்தால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்ட்டேஜ் எகிறித் தீப்பொறி பறக்கும். பர்ஸும் சேர்ந்து எரியும். ஆம்பை நீங்களே திறக்கவும் வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பழைய வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் யாராவது ஊரில் மிச்சமிருந்தால் அவருக்கு இது தெரியும். ஐசி ரிப்பேர் மட்டும் பார்த்த தம்பிக்குத் தெரியாமல் இருக்கலாம், கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

டிராக் போடும்போது

எந்த வழியில் போனாலும் டிஐயைத் தனி டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவரும், ஆம்புக்கு முன்னால் டிஐ பாக்ஸ் போட்டு ஒரு கிளையை இன்டர்ஃபேஸுக்கு அனுப்பலாம். ஆறு மாதம் கழித்து சத்தம் பிடிக்காமல் போனால் வாசித்ததாவது மிஞ்சும்.

சத்தத்தைத் தேர்ந்தெடுப்பது எந்த வால்யூமில் என்பதும் முக்கியம். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு மெதுவாக வைத்துத் தேர்ந்தெடுத்தால் பாஸும் ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும், காதின் இயல்பு அது. இரண்டையும் கூட்டுவீர்கள். மறுநாள் சத்தமாக வைத்தால் அதே டோன் குடைந்து எடுக்கும். ஆகவே பகலில், பக்கத்தில் ஒருவர் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும் அளவுக்குச் சத்தம் வைத்து, ட்ரம்மும் பாஸும் ஓடும்போது தேர்ந்தெடுங்கள். தனியாகக் கேட்க ஒல்லியாக இருக்கும் கிடார்தான் பாட்டுக்குள் நிற்கும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அது பாஸ் கிடாரின் வீடு. மேலே 8 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் இருப்பதும் போகலாம். 3, 4 கிலோஹெர்ட்ஸ் நடுவே ஊசி மாதிரி ஏதாவது குத்தினால், ஈக்யூவில் ஒரு குறுகிய பட்டையை ஏற்றி, அதை மெதுவாக ஓட்டி, மிக மோசமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, அங்கே 3 டெசிபல் குறையுங்கள். இப்படி ஐந்து இடத்தில் வெட்ட வேண்டியிருந்தால் ஈக்யூவை மூடிவிட்டு ஐஆரை மாற்றுங்கள்.

இடது, வலது ரிதம் என்றால் இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒரே டேக்கைக் காப்பி செய்து இருபுறமும் போட்டால் அது நடுவில்தான் கேட்கும், காப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் கிணற்றுக்குள் கேட்கும். இரண்டிலும் கெயினை உங்களுக்குப் பிடித்ததைவிட இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள், இரண்டும் சேரும்போது கூடிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பாருங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கிடார், வெயில் அறையில் கால் மணி நேரம் இருந்தபிறகு வேறு சுருதியில் இருக்கும். அதை ட்யூப் ஆம்பும் சரிசெய்யாது, நாம் (NAM) மாடலரும் சரிசெய்யாது.